எட்டரை மணி நேரக் கெடு

நமது சிறப்பு நிருபர்

புது தில்லி: 2024-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. கோவா மாநிலத் தலைநகர் பனாஜியில் நடைபெற்ற ‘அயர்ன்மேன் 70.3’ டிரையத்லான் போட்டியில் பெங்களூரு தெற்குத் தொகுதி மக்களவை உறுப்பினர் தேஜஸ்வி சூர்யா பங்கேற்றார். கடலில் 1.9 கி.மீ. நீந்தி, 90 கி.மீ. சைக்கிள் ஓட்டி, அதன் பிறகு 21.1 கி.மீ. ஓடி, 8 மணி 27 நிமிடம் 32 விநாடிகளில் எல்லைக்கோட்டைக் கடந்தார். பதவியில் இருக்கும் நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் இப்போட்டியை முடித்தது அதுவே முதல் முறை. பிரதமர் நரேந்திர மோடி அவரைப் பாராட்டினார். மறுநாள் நாளேடுகள் பலவற்றில் அவரது படம் வெளியானது.

அந்தப் போட்டிக்கு ஒரு கெடு உண்டு. நீந்தத் தொடங்கியதிலிருந்து 8 மணி 30 நிமிடத்துக்குள் மூன்றையும் முடித்தாக வேண்டும். ஒரு விநாடி பிந்தினாலும் கணக்கில் சேராது. சூர்யாவுக்கு மிச்சம் இருந்தது 2 நிமிடம் 28 விநாடி.

அதே நாளில் அதே கடலில் இறங்கியவர்களில் இக்கட்டுரையாளரும் ஒருவர். நான் எல்லைக்கோட்டை அடைந்தபோது 8 மணி 36 நிமிடம் ஆகியிருந்தது. போட்டி விதிப்படி நான் ‘முடிக்காதவன்’.

நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்கு உள்ள நேர நெருக்கடி நிருபர் ஒருவருக்கு இல்லை. எனவே சாக்குச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அந்த ஆறு நிமிடங்கள் எங்கே போயின என்று எண்ணிப் பார்க்கத் தொடங்கியபோது, விடையில் ஒரு பகுதி மட்டுமே கோவாவில் கிடைத்தது. எஞ்சிய பகுதி தலைநகர் தில்லியில் இருந்தது. அது என் ஒருவனைப் பற்றியதும் அன்று.

பந்தயம் பிறந்த கதை

இப்போட்டியின் தாயகம் அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகள். அங்கு பணியாற்றிய கடற்படை அதிகாரி ஜான் காலின்ஸும் அவருடைய மனைவி ஜூடியும் இதைத் தொடங்கியவர்கள். ஓட்டக்காரர், நீச்சல்காரர், சைக்கிள் வீரர் ஆகிய மூவரில் யார் வலிமை மிக்கவர் என்று நண்பர்களிடையே எழுந்த வாதமே தொடக்கம். ஓவாஹு தீவில் ஏற்கெனவே தனித்தனியாக நடந்துவந்த நீச்சல், சைக்கிள், மாரத்தான் பந்தயங்களின் தூரங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து ஒரே நாளில் முடிப்பது என முடிவாயிற்று. 1978 பிப்ரவரி 18-ஆம் தேதி 15 பேர் புறப்பட்டனர். 12 பேர் முடித்தனர். முதலில் வந்த கார்டன் ஹாலர் எடுத்துக்கொண்ட நேரம் 11 மணி 46 நிமிடம் 58 விநாடி. அவர்களில் எவரும் இதைத் தொழிலாகக் கொண்டவர் அல்லர். இதற்கென ஒரு தொழில் அப்போது இருக்கவும் இல்லை.

உலகம் இப்பந்தயத்தைக் கவனித்ததும் ஒரு கல்லூரி மாணவியால்தான். 1982 பிப்ரவரியில் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்த ஜூலி மாஸ், எல்லைக்கோட்டுக்குச் சற்று முன்னர் கால் மடங்கி விழுந்தார். எழுந்தார், மீண்டும் விழுந்தார். இறுதியில் கைகளை ஊன்றித் தவழ்ந்தே கோட்டைக் கடந்தார். அதற்குள் இன்னொரு பெண் அவரைத் தாண்டி வென்றுவிட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்தவர்கள் நினைவில் வைத்துக்கொண்டது இரண்டாவதாக வந்தவரைத்தான்.

முழுப் போட்டியின் தூரம் 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம்; பொதுவாக 17 மணி நேரக் கெடு. அதன் சரிபாதியே 70.3. மைல் கணக்கில் மொத்தத் தூரம் அது. கிலோ மீட்டரில் 113. பாதிப் போட்டியிலும் இடைக் கெடுக்கள் உண்டு. நீச்சலை 1 மணி 10 நிமிடத்துக்குள் முடிக்காதவர் சைக்கிளைத் தொட முடியாது. தொடக்கத்திலிருந்து ஐந்தரை மணி நேரத்துக்குள் சைக்கிளை விட்டு இறங்காதவர் ஓட முடியாது. முதல் பரிசுக்காகப் போட்டியிடுவோர் ஒரு சிலரே. மற்றவர்கள் அனைவருக்கும் எதிராளி கடிகாரம் ஒன்றுதான்.

இந்தியாவில் இந்த ஆர்வத்துக்கு வயது அதிகமில்லை. அனு வைத்தியநாதன் 2009-ஆம் ஆண்டு கனடாவில் மூன்று நாள் நடைபெறும் ‘அல்ட்ராமேன்’ போட்டியை முடித்து முன்னோடியானார். அந்த அனுபவங்களை 2016-இல் நூலாகவும் எழுதினார். நடிகர் மிலிந்த் சோமன் ஐம்பது வயதை நெருங்கும் நிலையில் 2015-இல் சுவிட்சர்லாந்தின் ஜூரிச் நகரில் முழுப் போட்டியை 15 மணி 19 நிமிடத்தில் முடித்தார். ராணுவ மேஜர் ஜெனரல் வி.டி. தோக்ரா 2016-இல் ஆஸ்திரியாவிலும், மகாராஷ்டிர ஐ.பி.எஸ். அதிகாரி கிருஷ்ண பிரகாஷ் 2017-இல் பிரான்சிலும் முடித்தனர். இவர்கள் எல்லோரும் வெளிநாடு செல்ல வேண்டியிருந்தது. ‘அயர்ன்மேன்’ பெயரிலான போட்டி இந்தியாவுக்கு வந்தது 2019 அக்டோபரில்தான், பனாஜியில். கொரோனாவால் இரண்டாண்டுகள் தடைபட்டு 2022 முதல் மீண்டும் நடந்துவருகிறது.

நீர்

காவிரிக் கரையில் குளித்தலையில் பிறந்தவனுக்கு நீச்சல் தனியாகக் கற்றுக்கொண்ட வித்தையன்று. ஆனால் தில்லிக்கு வந்து இருபது ஆண்டுகளாக நான் நீரில் இறங்கியதில்லை. 2021 ஏப்ரல், மே மாதங்களில் தலைநகரம் ஆக்சிஜனுக்குத் தவித்தபோது மருத்துவமனை வாசல்களிலும் மயானங்களிலும் செய்தி சேகரித்தவர்களில் நானும் ஒருவன். நோய் என்னையும் தொற்றியது. பிழைத்து வீடு திரும்பிய பின்னர் மூன்றாம் மாடிக்கு ஏற இரண்டு முறை உட்கார வேண்டியிருந்தது. மூச்சு வலுப்பெற நீந்துங்கள் என்றார் மருத்துவர். அப்படித்தான் 43-ஆம் வயதில் 25 மீட்டர் குளம் ஒன்றின் ஓரத்தில் மீண்டும் கால் வைத்தேன்.

தில்லியில் பொதுமக்களுக்கான வெளிக்குளங்களில் பெரும்பாலானவை கோடைக்காலத்தில் மட்டுமே திறந்திருக்கும். ஏப்ரலில் திறக்கும் குளம் செப்டம்பர் இறுதியில் வற்றிவிடும். ஒருவருக்கு ஒதுக்கப்படும் நேரம் முக்கால் மணி. ஒரே தடத்தில் நீச்சல் பழகும் குழந்தைகளும், வெயிலுக்கு நனைய வந்தவர்களும், எண்ணி எண்ணி நீந்துபவர்களும் இருப்பார்கள். 1.9 கி.மீ. என்பது அக்குளத்தில் 76 தடவை குறுக்கே நீந்துவது. எந்த நாளிலும் ஐம்பதுக்கு மேல் முடிந்ததில்லை. போட்டிக்கு நான்கு வாரம் இருக்கும்போது குளம் மூடப்பட்டது. ஆண்டு முழுதும் இயங்கும் உள்ளரங்கக் குளங்களும் நகரில் உண்டு. அவை எண்ணிக்கையில் குறைவு, கட்டணத்தில் அதிகம், தொலைவிலும் அதிகம்.

நகரின் நடுவே ஓர் ஆறு ஓடத்தான் செய்கிறது. 1,376 கி.மீ. நீளமுள்ள யமுனையில் தில்லியின் வஜீராபாதுக்கும் ஓக்லாவுக்கும் இடைப்பட்ட 22 கி.மீ. நீளம் இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. ஆற்றின் மொத்த மாசில் ஏறக்குறைய 80 விழுக்காடு அங்கேதான் சேர்கிறது. ஜப்பான் கடனுதவியுடன் யமுனைச் செயல் திட்டம் தொடங்கியது 1993-இல். நாளேட்டுச் செய்தி ஒன்றைக் கண்ட உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து வழக்கெடுத்தது 1994-இல். 2025 பிப்ரவரிக்குள் ஆற்றைத் தூய்மைப்படுத்துவோம் என 2021 நவம்பரில் அப்போதைய முதல்வர் அரவிந்த் கேஜரிவால் அறிவித்தார். அந்தப் பிப்ரவரி வந்தது. ஆற்றின் நிலையே தேர்தல் பிரசாரத்தின் முக்கியப் பொருளாயிற்று. ஆட்சி மாறியது, வாக்குறுதி புதிய ஆட்சியிடம் கைமாறியது.

ஆற்றைத் தூய்மைப்படுத்துவது ஆகாத காரியமா? இதே விளையாட்டிலிருந்தே ஒரு பதில் கிடைக்கிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிரையத்லான் நீச்சல் நகரின் சேன் நதியில் நடந்தது. 1923 முதல் நீந்தத் தடை விதிக்கப்பட்டிருந்த நதி அது. கழிவுநீரையும் மழைநீரையும் தடுத்து நிறுத்த சுமார் 140 கோடி யூரோ செலவிடப்பட்டது. அப்படியும் மழை பெய்து நீரின் தரம் குறைந்ததால் ஜூலை 30-ஆம் தேதி நடைபெற வேண்டிய ஆண்கள் போட்டி மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. உலகமே கேலி பேசியது. ஆனால் ஓராண்டு கழித்து, 2025 ஜூலை 5-ஆம் தேதி, அதே நதியில் மூன்று இடங்கள் பொதுமக்கள் குளிக்கத் திறந்துவிடப்பட்டன. ஒலிம்பிக் வீரர்கள் போன பின்னரும் நதி பாரிஸ்காரர்களிடம் இருக்கிறது.

பனாஜியின் மிராமர் கடற்கரையில் அன்று விடியற்காலை நின்றபோது எனக்கு அச்சம் கடலைப் பற்றியதன்று, பழக்கமின்மையைப் பற்றியது. குளத்தில் அடியில் கறுப்புக் கோடு வழிகாட்டும். கடலில் அது இல்லை. சில வீச்சுகளுக்கு ஒருமுறை தலையை உயர்த்தி, மிதவை எங்கே என்று பார்த்து, மீண்டும் முகம் தாழ்த்த வேண்டும். முதல் இருநூறு மீட்டரில் யாரோ ஒருவர் கால் முகத்தில் பட்டது. உப்புநீர் தொண்டைக்குள் இறங்கியது. 2021-இல் படுக்கையில் கிடந்தபோது மார்பை அழுத்திய அதே பாரம். மல்லாந்து மிதந்து வானத்தைப் பார்த்தேன். இங்கே மூச்சு இருக்கிறது, எடுத்துக்கொண்டால் போதும் என்று தோன்றியது. மெல்லத் திரும்பி நீந்தினேன். நேர்க்கோட்டை விட்டு விலகி விலகி நீந்தியதால் கூடுதல் தூரம் ஆயிற்று. கரையேறியபோது 1 மணி 4 நிமிடம். கெடுவுக்கு ஆறு நிமிடம் முன்னதாக.

சாலை

நீச்சலை முடித்தவர் ஈர உடையுடன் ஓடி, சைக்கிள்கள் நிறுத்தப்பட்டுள்ள இடத்தில் தலைக்கவசமும் காலணியும் அணிந்து புறப்பட வேண்டும். இந்த இடைவேளையும் கடிகாரத்தில் ஓடிக்கொண்டேதான் இருக்கும். முன்னால் செல்பவரின் நிழலில் காற்றுத்தடையைத் தவிர்த்து ஓட்டவும் கூடாது. 12 மீட்டர் இடைவெளி விட வேண்டும். ஆகவே 90 கி.மீ. தூரமும் ஒருவர் தனியாகத்தான் ஓட்டுகிறார்.

பதினைந்து கி.மீ. கடந்த பிறகுதான் எனக்கு ஒன்று புலப்பட்டது. நான் ஒருமுறைகூடப் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. போட்டிக்காக வாகனங்கள் தடுக்கப்பட்டிருந்தன. பின்னால் வரும் லாரியின் ஒலிக்குக் காது கொடுக்க வேண்டியதில்லை. இரண்டாண்டுப் பயிற்சியில் அப்படி ஒரு காலை எனக்கு வாய்த்ததில்லை.

தில்லியில் சைக்கிள் பயிற்சி என்பது விடியற்காலை நாலரை மணிக்குத் தொடங்கி ஆறரை மணிக்குள் முடிந்துவிட வேண்டும். சாந்தி பாதையிலும் கர்த்தவ்யப் பாதையைச் சுற்றிலும் அந்நேரத்தில் விலையுயர்ந்த சைக்கிள்களில் சிறு கூட்டங்கள் பறப்பதைக் காணலாம். அதன் பிறகு சாலை அவர்களுடையதன்று. 2024 மார்ச் மாதத்தில் ஒரு காரின் பக்கவாட்டுக் கண்ணாடி என் கைப்பிடியில் இடித்தது. நான் விழுந்தேன்; கார் நிற்கவில்லை. தோளில் அடி. மூன்று வாரம் சைக்கிளும் இல்லை, நீச்சலும் இல்லை. அது அதிர்ஷ்டம் என்றே சொல்ல வேண்டும். அதற்குச் சில நாள்கள் முன்னர், பிப்ரவரி 28-ஆம் தேதி, நவி மும்பையில் காலையில் சைக்கிள் ஓட்டிச் சென்ற இன்டெல் நிறுவனத்தின் இந்தியப் பிரிவு முன்னாள் தலைவர் அவதார் சைனி வாடகைக் கார் மோதி உயிரிழந்தார்.

அவர் பெயர் செய்தியில் வந்தது. வராத பெயர்களே மிகுதி. 2022-ஆம் ஆண்டில் நாட்டில் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்ததாக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது. அவர்களில் ஏறக்குறைய 3 விழுக்காட்டினர் சைக்கிளில் சென்றவர்கள். பயிற்சிக்காகச் சைக்கிள் ஓட்டுவோர் இந்நாட்டில் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். பிழைப்புக்காக ஓட்டுவோரே பெரும்பான்மையினர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வேளாண்மையும் குடிசைத் தொழிலும் சாராத பணியாளர்களில் சுமார் 13 விழுக்காட்டினர் வேலைக்குச் சைக்கிளில் செல்பவர்கள். தில்லியில் விடியற்காலையில் என்னுடன் சாலையில் இருந்தவர்கள் யார்? பத்திரிகை போடுபவர்கள், பால்காரர்கள், இரவுப் பணி முடித்த காவலாளிகள், ஓக்லா தொழிற்பேட்டைக்குப் போகும் தொழிலாளர்கள். அவர்கள் தலையில் கவசம் இல்லை. சைக்கிளில் விளக்கும் இல்லை. நாள் ஒன்றுக்கு முப்பது கிலோ மீட்டர் ஓட்டும் அவர்களுக்கு யாரும் பதக்கம் அணிவிப்பதும் இல்லை.

அவர்களுக்கென ஒரு பாதை போடப்பட்டது உண்டு. அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 2008-இல் திறக்கப்பட்ட 5.8 கி.மீ. விரைவுப் பேருந்துத் தடத்தில் சைக்கிளுக்குத் தனிப்பாதை இருந்தது. பேருந்துத் தடத்தால் காருக்கு இடம் குறைந்தது என்ற எதிர்ப்பு ஓயவே இல்லை. 2016-இல் அத்தடம் அகற்றப்பட்டது. கார்காரர்களின் குரல் கேட்டது. சைக்கிளில் சென்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அப்போது நாங்களும் சென்று கேட்கவில்லை.

பனாஜியில் 58-ஆவது கிலோ மீட்டரில் என் பின்சக்கரம் பஞ்சராயிற்று. குழாயை மாற்றிக் காற்றடிக்க 11 நிமிடம். வீட்டில் பழகியிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும் வேலை. இது முழுக்க என் தவறு. தில்லியின் மீது சுமத்த முடியாது. சைக்கிளை விட்டு இறங்கியபோது தொடக்கத்திலிருந்து 5 மணி 20 நிமிடம் ஆகியிருந்தது. பத்து நிமிடம் பிந்தியிருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பார்கள்.

காற்று

சைக்கிளிலிருந்து இறங்கி ஓடுகிறவனுக்கு முதல் சில நிமிடங்கள் கால்கள் தன்னுடையவை போலத் தோன்றுவதில்லை. நான்கு மணி நேரம் வட்டமாகச் சுழன்று பழகிய தசைகள் திடீரென நேராக எட்டு வைக்க மறுக்கும். நேரமோ நண்பகல். அக்டோபர் மாதக் கோவாவின் வெயிலுடன் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்து, வடியும் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே தங்கிவிடும். இழந்த நீரைக் குடித்தே ஈடுசெய்யலாம் என்று எண்ணுவதும் ஆபத்து. உப்பில்லாமல் வெறும் நீரையே மிகுதியாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து மயக்கமும் அதைவிடக் கொடிய விளைவுகளும் ஏற்படும். தசைகளிலும் ஈரலிலும் சேமித்திருக்கும் மாவுச்சத்து இரண்டு மூன்று மணி நேரக் கடும் உழைப்பில் தீர்ந்துவிடும். வாழைப்பழமும் இனிப்புக் கூழும் உப்பு மாத்திரையும் விழுங்கிக்கொண்டே ஓட வேண்டும். ஐந்தாம் மணியில் வயிறு எதையும் ஏற்க மறுக்கும்.

இத்தனைக்கும் இடையே எனக்கு ஒரு வியப்பு. கால் ஓய்ந்தது, மூச்சு ஓயவில்லை. அதற்கான காரணத்தைத் தில்லியில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஓய்வாக இருக்கும் மனிதர் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றைச் சுவாசிக்கிறார். கடுமையாக ஓடும்போது அதைப் போலப் பத்து மடங்கும் அதற்கு மேலும் உள்ளே இழுக்கிறார். காற்றில் நஞ்சு இருந்தால் அதுவும் அதே மடங்கில் உள்ளே போகும். ஓடினால் நுரையீரலுக்கு நல்லது என்ற மருத்துவ அறிவுரை, தில்லியில் அக்டோபர் முதல் ஜனவரி வரை தலைகீழாகிவிடுகிறது. 2017 நவம்பரில் தில்லி அரை மாரத்தானைத் தள்ளிவைக்கக் கோரி இந்திய மருத்துவச் சங்கமே உயர் நீதிமன்றம் சென்றது, போட்டி நடந்தேறியது. 2024-இல் கோவா போட்டிக்கு ஐந்து நாள் முன்னதாக, அக்டோபர் 22-ஆம் தேதி, காற்று ‘மிக மோசம்’ நிலையை எட்டியதால் தலைநகர்ப் பகுதியில் இரண்டாம் கட்டக் கட்டுப்பாடுகள் அமலுக்கு வந்தன. அந்த மாதம் நான் திட்டமிட்ட நீண்ட ஓட்டங்கள் ஆறு; ஓடியவை இரண்டு. 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம், நவம்பர், டிசம்பர் மாதங்களில் நடைபெறும் பள்ளி விளையாட்டுப் போட்டிகளை வேறு மாதங்களுக்கு மாற்றுவது குறித்துப் பரிசீலிக்குமாறு காற்றுத்தர மேலாண்மை ஆணையத்திடம் கூறியது. குழந்தைகள் எந்த மாதத்தில் விளையாடலாம் என்பதை நீதிமன்றம் ஆராய வேண்டிய நிலையில் தலைநகரம் இருக்கிறது.

பதினேழாவது கிலோ மீட்டரில் என் இடது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தேன். பின்னால் வந்த ஒருவர் நின்றார். மராத்தி கலந்த இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டே என் பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி அழுத்தினார். தன் பையிலிருந்து இரண்டு உப்பு மாத்திரைகளை எடுத்துக் கொடுத்தார். நான் எழுந்து நான்கு எட்டு வைப்பதைப் பார்த்த பிறகே அவர் ஓடினார். அவருக்கும் அதே கெடுதான். எனக்காக அவர் இழந்தது இரண்டு நிமிடமாவது இருக்கும்.

எஞ்சிய நான்கு கிலோ மீட்டரில் பாதியை நடந்தேன். கடைசி இரண்டு கிலோ மீட்டர் இருக்கும்போதே கணக்கு தெரிந்துவிட்டது. கெடுவுக்குள் முடியாது. அந்த நிலையில் நின்றுவிடுவதற்கு எல்லாக் காரணங்களும் இருந்தன. சாலையோரத்தில் நின்ற பள்ளிச் சிறுமி ஒருத்தி குவளையில் இருந்த நீரை என் தலையில் ஊற்றிவிட்டு, ‘சலோ அங்கிள்’ என்றாள். 43-ஆம் வயதில் மாடிப்படியில் உட்கார்ந்தவன் நினைவுக்கு வந்தான். 8 மணி 36 நிமிடத்தில் கோட்டைக் கடந்தேன். எனக்கு உதவிய அந்த மனிதர் சற்றுத் தள்ளித் தரையில் அமர்ந்திருந்தார். அவர் கழுத்தில் பதக்கம் இருந்தது. அன்றைய தினத்தில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் அதுவே.

யாருக்கு இந்த விளையாட்டு?

இது பணக்காரர் விளையாட்டு என்ற குற்றச்சாட்டு பொய்யன்று. போட்டிக்கேற்ற சைக்கிளின் விலை லட்சங்களில் தொடங்கும். நுழைவுக் கட்டணம், பயணம், தங்குமிடம், காலணி, பயிற்சியாளர் என எல்லாம் சேர்ந்தால் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு கரையும். நான் ஓட்டியது இரண்டாம் கை சைக்கிள். அதை வாங்கவும் வீட்டில் ஒரு நீண்ட விவாதம் தேவைப்பட்டது. பணத்தைவிட அரியது நேரம். வாரத்துக்குப் பத்து மணி நேரம் தனக்கென ஒதுக்க எத்தனை பேரால் முடியும்? பெண்களில் எத்தனை பேர் விடியற்காலை நாலரை மணிக்குத் தில்லிச் சாலையில் தனியே சைக்கிள் ஓட்ட முடியும்?

ஆனால் சைக்கிளையும் கட்டணத்தையும் கழித்துவிட்டுப் பார்த்தால் இவ்விளையாட்டு கேட்பவை மூன்றே மூன்று: இறங்கக்கூடிய நீர், அஞ்சாமல் செல்லக்கூடிய சாலை, சுவாசிக்கக்கூடிய காற்று. இம்மூன்றும் விளையாட்டு வீரருக்கான சலுகைகள் அல்ல. எந்த நகரமும் தன் குடிமக்கள் எல்லோருக்கும் தர வேண்டியவை. பனாஜியில் அன்று எட்டரை மணி நேரத்துக்கு அவை ஏற்பாடு செய்து தரப்பட்டன. எல்லைக்கோட்டைக் கழற்றி எடுத்துச் சென்றதும் சாலை மீண்டும் வாகனங்களிடம் போனது.

உடல் நலத்தை இயக்கமாக்க அரசு முயலவில்லை என்று கூற முடியாது. 2019 ஆகஸ்ட் 29-ஆம் தேதி, தேசிய விளையாட்டு தினத்தன்று, பிரதமர் மோடி தில்லியில் ‘ஃபிட் இந்தியா’ இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். சூர்யா தமது முயற்சிக்கு அதுவே தூண்டுதல் என்று குறிப்பிட்டிருந்தார். 2024 டிசம்பரில் மத்திய விளையாட்டுத் துறை அமைச்சர் மன்சுக் மாண்டவியா வார நாள் ஒன்றில் சைக்கிள் ஓட்டும் இயக்கத்தைத் தலைநகரில் தொடங்கினார். பின்னர் அது ஞாயிறுதோறும் என்றாயிற்று. இவை நல்ல தொடக்கங்களே. எனினும் இவற்றின் அடிப்படை, குடிமகன் தன் சோம்பலை உதற வேண்டும் என்பது. சோம்பலை உதறி வெளியே வந்தவன் எதில் நீந்துவது, எங்கே ஓட்டுவது, எதைச் சுவாசிப்பது என்ற கேள்விகள் வேறு அமைச்சகங்களுக்கும், மாநில அரசுக்கும், மாநகராட்சிக்கும் உரியவையாகிவிடுகின்றன. அவை ஒன்றையொன்று கை காட்டுவது தில்லியில் புதிதன்று.

2025 நவம்பர் 9-ஆம் தேதி கோவாவில் மீண்டும் இப்போட்டி நடந்தது. சூர்யா இரண்டாம் முறையாக முடித்தார். தமிழக பா.ஜ.க. முன்னாள் தலைவர் கே. அண்ணாமலையும் அதில் பங்கேற்று முடித்தார். கட்சி வேறுபாடின்றிப் பாராட்டத்தக்க உழைப்பு அது. உடம்பால் உழைத்து அறிந்தவர்களுக்கு, நீரும் சாலையும் காற்றும் எத்தனை முக்கியம் என்பதைப் புள்ளிவிவரம் கொண்டு விளக்க வேண்டியதில்லை. அவர்களில் ஒருவர் மக்களவையில் அமர்ந்திருக்கிறார். நகரங்களில் மூடப்படாத குளங்கள் எத்தனை, போடப்பட்ட சைக்கிள் பாதைகளில் எஞ்சியிருப்பவை எத்தனை கிலோ மீட்டர் என்று கேள்வி நேரத்தில் ஒரு வினா எழுப்பினால், அதற்கு அரசு விடை சொல்லியாக வேண்டும்.

நான் அவ்வாண்டு கோவாவுக்குப் போகவில்லை. பஞ்சர் ஒட்டவும் குழாய் மாற்றவும் பழகிக்கொண்டேன். இப்போது ஐந்து நிமிடத்தில் முடிகிறது. குளம் இவ்வாண்டும் ஏப்ரலில் திறந்து செப்டம்பரில் மூடும். காற்று அனுமதிக்கும் காலைகளில் நாலரை மணிக்குப் புறப்படுகிறேன். மோதிபாக் மேம்பாலத்தின் கீழே, பின்னிருக்கையில் பத்திரிகைக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு எதிரே வரும் ஒருவரை அநேகமாக ஒவ்வொரு நாளும் காண்கிறேன். இருவரும் கையசைத்துக்கொள்கிறோம். அவருக்கும் ஒரு கெடு இருக்கிறது. ஆறு மணிக்குள் எல்லா வீட்டு வாசலிலும் பத்திரிகை விழுந்தாக வேண்டும்.